வீடியோ வாடகைக் கடைகள் எப்படி வந்தன, ஏன் போயின?

வீடியோ கடைகள் ஏன் மூடப்பட்டன என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: நெட்ஃபிளிக்ஸ் வந்தது, பிளாக்பஸ்டர் என்ற பெரிய வாடகைக் கடைச் சங்கிலி போனது. தப்பான பதில் இல்லை, ஆனால் பாதிப் பதில். அந்தக் கடைகளால் முதலில் எப்படி இருக்க முடிந்தது என்று தெரிந்தால்தான் அவை ஏன் இல்லாமல் போயின என்பது புரியும். ஒரு ஸ்டுடியோ கோடிக்கணக்கில் செலவழித்து ஒரு படம் எடுக்கிறது, உரிமை முழுக்க அதனிடம்தான் இருக்கிறது, தெருமுனையில் ஒருவர் அந்தப் படத்தின் கேசட்டை வைத்துக்கொண்டு நாள் வாடகைக்கு விடுகிறார், அந்த வாடகையில் ஸ்டுடியோவுக்கு ஒரு பைசா போகவில்லை, ஆனால் எல்லாம் சட்டப்படிதான் நடக்கிறது. எப்படி? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால் மீதிக் கதை தானாகப் புரிந்துவிடும். இந்தத் தொழில் பெரிதாக வளர்ந்ததும் பெரிதாக விழுந்ததும் அமெரிக்காவில் என்பதால் அங்கிருந்தே தொடங்கலாம்.

1977-ல் மிச்சிகன் மாநிலத்தில் ஆந்த்ரே பிளே என்பவர், டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் ஸ்டுடியோவிடம் 50 படங்களைக் கேசட்டில் பதிந்து விற்கும் உரிமையை வாங்கினார். ஒரு கேசட்டின் விலை 50 டாலர் அளவில் இருந்தது. வீட்டில் டெக், அதாவது கேசட் போட்டுப் பார்க்கிற கருவி, வைத்திருந்தவர்களே அன்று கொஞ்சம் பேர்தான், அவர்கள் படத்தை விலைக்கு வாங்கி அலமாரியில் அடுக்குவார்கள் என்பது அவருடைய கணக்கு. அதே ஆண்டின் கடைசியில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் வில்ஷயர் சாலையில் ஜார்ஜ் அட்கின்சன் என்பவர் அந்த 50 படங்களையும் வாங்கி வைத்து வாடகைக்கு விட ஆரம்பித்தார். ஆண்டுச் சந்தா 50 டாலர், ஆயுள் சந்தா 100 டாலர், அதற்கு மேல் ஒரு படத்துக்கு நாள் வாடகை 10 டாலர். இன்று கேட்டால் கொள்ளை என்று தோன்றும். ஆனால் ஒரே ஒரு தடவை பார்க்கப்போகிற படத்துக்கு 50 டாலர் கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல் என்று மக்கள் நினைத்தார்கள். அமெரிக்காவின் முதல் வீடியோ வாடகைக் கடை என்று பொதுவாகச் சொல்லப்படுவது இதுதான்.

ஸ்டுடியோக்கள் கொதித்தன. ஆனால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை, ஏனென்றால் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் முதல் விற்பனைக் கோட்பாடு என்று ஒன்று இருக்கிறது. பெயர்தான் கனமாக இருக்கிறது, விஷயம் ரொம்ப எளிது. நம் ஊரில் வாடகை சைக்கிள் கடை இருந்ததே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் பத்து சைக்கிள் வாங்கி மணிக்கு இவ்வளவு என்று விடுவார், சைக்கிள் செய்த கம்பெனி வந்து "என் வண்டியை வாடகைக்கு விடுகிறாய், எனக்குப் பங்கு கொடு" என்று கேட்க முடியாது. விற்றாயிற்று, காசு வாங்கியாயிற்று, அத்தோடு அந்த வண்டி கடைக்காரருடையது. முதல் விற்பனைக் கோட்பாடு இதையே புத்தகத்துக்கும் கேசட்டுக்கும் சொல்கிறது. சட்டப்படி செய்யப்பட்ட ஒரு பிரதியை நீங்கள் விலை கொடுத்து வாங்கிவிட்டால், அந்த ஒரு பிரதியை நீங்கள் மறுபடி விற்கலாம், யாருக்காவது கொடுக்கலாம், வாடகைக்கு விடலாம். அதிலிருந்து இன்னொரு பிரதி எடுக்கக் கூடாது, ஊரைக் கூட்டி வைத்துத் திரையிடக் கூடாது. அந்த இரண்டு உரிமையும் படைப்பின் சொந்தக்காரரிடமே இருக்கும். ஆனால் கையில் இருக்கிற அந்தப் பெட்டி உங்களுடையது.

இது வீடியோவுக்காகப் போட்ட சட்டமே இல்லை. ஒரு பதிப்பகம் தன் நாவலுக்குள்ளேயே "இதை ஒரு டாலருக்குக் குறைத்து விற்கக் கூடாது" என்று அச்சடித்திருந்தது, நியூயார்க்கின் மேசிஸ் அங்காடி அதைக் கண்டுகொள்ளாமல் 89 சென்டுக்கு விற்றது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1908-ல் நீதிமன்றம் அங்காடியின் பக்கம் தீர்ப்பளித்தது. ஒருமுறை விற்ற பிறகு அந்தப் பிரதி என்ன ஆகிறது என்பதைக் கட்டுப்படுத்தும் உரிமை பதிப்பாளருக்கு இல்லை என்பது அதன் சாரம். டிவியே இல்லாத காலத்தில் ஒரு நாவலின் விலைக்காக நடந்த சண்டையில் பிறந்த விதி, எழுபது ஆண்டு கழித்து ஒரு பெரிய தொழிலுக்கே அஸ்திவாரமானது எனக்கு இப்போதும் வியப்பாக இருக்கிறது.

ஸ்டுடியோக்கள் சும்மா இருந்துவிடவில்லை. இந்த விதியிலிருந்து வீடியோவுக்கு விலக்கு வேண்டும் என்று 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்க நாடாளுமன்றத்தை நெருக்கினார்கள். இசைத்தட்டு நிறுவனங்களும் அதையே கேட்டன, அவர்களுக்குக் கிடைத்தும்விட்டது. 1984-ல் வந்த சட்டத் திருத்தப்படி இசைத்தட்டுகளை உரிமையாளர் அனுமதியில்லாமல் வணிக வாடகைக்கு விட முடியாது. அமெரிக்காவில் தெருவுக்குத் தெரு வீடியோ கடை இருந்ததே, பாட்டு வாடகைக் கடை ஏன் இல்லை என்று யாராவது கேட்டால் பதில் இதுதான். வீடியோவுக்கு அந்தத் தடை வரவில்லை. அதே 1984 ஜனவரியில் சோனி நிறுவனத்தின் பீட்டாமேக்ஸ் டெக் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம், டிவி நிகழ்ச்சியைப் பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்வது குற்றமில்லை என்று சொல்லிவிட்டது. ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர் ஒரு பக்கம், நான்கு பேர் மறுபக்கம். ஒரே ஒரு ஓட்டு மாறியிருந்தால் டெக் விற்பனையே சிக்கலாகியிருக்கும்.

ஆக, தடுக்க முடியாது என்று தெரிந்ததும் ஸ்டுடியோக்கள் விலையைக் கையில் எடுத்தார்கள். கடைக்காரன் எத்தனை தடவை வாடகைக்கு விட்டாலும் நமக்கு வருவது முதல் விற்பனைக் காசு மட்டும்தான், அப்படியானால் அதையே பெரிதாக வாங்கிவிடுவோம் என்று புதுப்படக் கேசட்டுகளுக்கு 80, 90 டாலர் என்று விலை வைத்தார்கள். கடைக்கு அது மொத்த விலையில் 65 டாலர் அளவில் வரும். ஒரு தடவைக்கு வாடகை 3 டாலர் என்று வைத்துக்கொண்டால், போட்ட காசை எடுப்பதற்கே இருபது தடவைக்கு மேல் போக வேண்டும். ஆனால் புதுப்படத்துக்குக் கூட்டம் முதல் சில வாரம்தான். இருபது கேசட் வாங்கிப் போட்டால் ஒரு மாதம் கழித்து பதினைந்து தூங்கும், நாலு கேசட் வாங்கினால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருகிறவர்களில் பாதிப் பேர் வெறுங்கையோடு திரும்புவார்கள். வீடியோ கடை என்ற தொழிலின் நிரந்தரத் தலைவலி இதுதான், பின்னால் நடந்த பல விஷயங்கள் இந்த ஒரு கணக்கைச் சுற்றியே நடந்தவை.

1985 அக்டோபரில் டெக்சஸ் மாநிலத்தின் டல்லாஸ் நகரத்தில் டேவிட் குக் என்பவர் முதல் பிளாக்பஸ்டர் கடையைத் திறந்தார். எண்ணெய் நிறுவனங்களுக்குக் கணினி மென்பொருள் செய்துகொடுத்தவர் அவர். அதுவரை பெரும்பாலான வீடியோ கடைகள் சின்னச் சின்ன இடங்கள், கேசட் திருடுபோகும் என்று கவுண்டருக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். குக்கின் கடையில் ஆயிரக்கணக்கான கேசட்டுகள் வெளியே அலமாரியில், வெளிச்சமாக, எடுத்துத் திருப்பிப் பார்க்கிற மாதிரி இருந்தன. ஒவ்வொன்றிலும் பார்கோடு, எது எங்கே இருக்கிறது, யார் எடுத்துப் போனார்கள் என்பதெல்லாம் கணினியில். 1987-ல் வேஸ்ட் மேனேஜ்மென்ட் என்ற குப்பை அள்ளும் நிறுவனத்தைக் கட்டி வளர்த்த வெய்ன் ஹைஸெங்கா உள்ளே வந்தார், நாடு முழுக்கச் சிறு சங்கிலிக் கடைகளை விழுங்கிக்கொண்டே போனார். 1994-ல் வயாகாம் நிறுவனம் பிளாக்பஸ்டரை 840 கோடி டாலருக்கு வாங்கியது. உச்சத்தில், அதாவது 2004-ல், உலகம் முழுக்க 9,000-க்கும் மேற்பட்ட கடைகள், 84,000 ஊழியர்கள்.

இந்த இடத்தில் தாமதக் கட்டணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இது வெறும் பேராசை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கேசட் குறைவு, கூட்டம் அதிகம் என்ற கணக்கைப் பார்த்தோம் இல்லையா, அதில் ஒருவர் புதுப்படத்தை எடுத்துப்போய் வீட்டிலேயே வைத்துக்கொண்டால் அடுத்து வருகிற நாலு பேருக்குப் படம் இல்லை. எனவே திரும்பிவர வைக்க ஒரு அபராதம் தேவைப்பட்டது, அது நியாயம்தான். ஆனால் நாள் போகப் போக அந்த அபராதமே வருமானமாகிவிட்டது. 2000-ம் ஆண்டில் பிளாக்பஸ்டருக்குத் தாமதக் கட்டணமாக மட்டும் கிட்டத்தட்ட 80 கோடி டாலர் வந்தது, மொத்த வருமானத்தில் ஏறக்குறைய 16 சதவீதம். வாடிக்கையாளர் மறந்துபோவதை நம்பி வருமானத்தில் ஆறில் ஒரு பங்கை வைத்திருக்கிற ஒரு கடையை அந்த வாடிக்கையாளர் ஒருநாளும் விரும்பமாட்டார். வேறு வழி கிடைக்கிற வரைக்கும் வருவார், அவ்வளவுதான்.

1998 வாக்கில் பிளாக்பஸ்டரின் தலைவர் ஜான் ஆன்டியோகோ ஸ்டுடியோக்களோடு ஒரு புது ஏற்பாடு செய்தார். கேசட்டுக்கு 65 டாலர் கொடுப்பதற்குப் பதில் சில டாலர் மட்டும் கொடுப்பது, வாடகையில் ஒரு பெரிய பங்கை ஸ்டுடியோவுக்குப் பிரித்துக் கொடுப்பது. புதுப்படத்துக்கு அலமாரி முழுக்கக் கேசட் அடுக்க முடிந்தது, கூட்டமும் அள்ளியது. தனியாகக் கடை வைத்திருந்தவர்களுக்குத்தான் அடி. அதே விலை அவர்களுக்குக் கிடைக்கவில்லை, வழக்கும் போட்டுப் பார்த்தார்கள், வெல்லவில்லை. வீடியோ கடைகளின் வீழ்ச்சி இணையத்தோடு தொடங்கியது என்கிறோமே, ஆயிரக்கணக்கான சின்னக் கடைகளுக்கு அது பிளாக்பஸ்டரோடேயே தொடங்கிவிட்டது. இன்று பிளாக்பஸ்டரை நினைத்து ஏங்குகிறவர்கள் இதையும் சேர்த்து நினைக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

அப்புறம் டிவிடி வந்தது. 1997 மார்ச்சில் அமெரிக்கச் சந்தைக்கு வந்த அந்தத் தட்டு இரண்டு விஷயங்களை மாற்றியது. ஒன்று, விலை. வார்னர் ஸ்டுடியோவின் வாரன் லீபர்ஃபார்ப் போன்றவர்கள் டிவிடியை 20 டாலர் அளவில் மக்களுக்கே நேரடியாக விற்க வேண்டும் என்று நின்றார்கள். வால்மார்ட்டில் காய்கறி வாங்கப் போன இடத்தில் படத்தையும் வாங்கிப் போட்டுக்கொண்டு வரலாம் என்றால், பிடித்த படத்தை யார் வாடகைக்கு எடுப்பார்கள்? இரண்டாவது, எடை. கேசட்டைத் தபாலில் அனுப்பினால் செலவு கட்டாது. டிவிடியைச் சாதாரண உறையில் போட்டு ஒரு தபால்தலை ஒட்டினால் போய்ச் சேர்ந்துவிடும். ரீட் ஹேஸ்டிங்ஸும் மார்க் ராண்டால்ஃபும் நெட்ஃபிளிக்ஸ் தொடங்குவதற்கு முன் செய்த சோதனை இதுதான்: ஒரு பாட்டு சிடியை உறையில் போட்டு ஹேஸ்டிங்ஸ் வீட்டு முகவரிக்கே அனுப்பினார்கள், அது உடையாமல் வந்து சேர்ந்தது. ஹேஸ்டிங்ஸ் ஒரு வீடியோ கடையில் 40 டாலர் அபராதம் கட்டிய கோபத்தில்தான் நெட்ஃபிளிக்ஸ் பிறந்தது என்று ஒரு கதை உலவுகிறது. அது சொல்வதற்கு வசதியான கதை, உண்மையில் அப்படித் தொடங்கவில்லை என்று ராண்டால்ஃபே சொல்லியிருக்கிறார்.

1998 ஏப்ரலில் 925 தலைப்புகளோடு நெட்ஃபிளிக்ஸ் தளம் திறந்தது. அடுத்த ஆண்டு மாதச் சந்தா முறை வந்தது. இத்தனை தட்டு கையில் வைத்துக்கொள்ளலாம், எப்போது திருப்பி அனுப்புகிறீர்களோ அப்போது அடுத்தது வரும், அபராதம் என்ற பேச்சே இல்லை. கவனியுங்கள், இதுவும் வீடியோ கடைதான். தட்டுகளை வாங்கி வாடகைக்கு விடுகிற கடை, கவுண்டர் மட்டும் தபால் பெட்டியாக மாறியிருந்தது. அதே முதல் விற்பனை விதியின் நிழலில்தான் நெட்ஃபிளிக்ஸும் வளர்ந்தது. 2000-ல் அவர்கள் டல்லாஸுக்குப் போய் நிறுவனத்தை 5 கோடி டாலருக்கு வாங்கிக்கொள்கிறீர்களா என்று பிளாக்பஸ்டரிடம் கேட்டதும், பிளாக்பஸ்டர் மறுத்ததும் எல்லாருக்கும் தெரிந்த கதை. எனக்கு அதில் பெரிய பாடம் எதுவும் தெரியவில்லை. அன்று நஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு சின்னத் தபால் நிறுவனத்தை அந்த விலைக்கு வாங்காததைப் பைத்தியக்காரத்தனம் என்று இன்று சொல்வது சுலபம்.

அதைவிட முக்கியமான கதை அதற்குப் பின்னால் நடந்தது, அதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. பிளாக்பஸ்டர் தூங்கவில்லை. 2004-ல் தானும் இணையம் வழியாகத் தபால் வாடகை தொடங்கியது. 2005 தொடக்கத்தில் தாமதக் கட்டணம் இனி இல்லை என்று அறிவித்தது. (கெடு தாண்டி ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருந்தால் படத்தின் முழு விலையும் கணக்கில் ஏறிவிடும் என்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை என்று பல மாநில அரசுகள் நடவடிக்கை எடுத்தது தனிக்கதை.) 2006 நவம்பரில் டோட்டல் ஆக்சஸ் என்ற திட்டம் வந்தது. தபாலில் வந்த படத்தைத் தபாலில்தான் திருப்ப வேண்டும் என்பதில்லை, பக்கத்துக் கடையில் கொடுத்துவிட்டு அங்கேயே இன்னொரு படத்தை இலவசமாக எடுத்துக்கொண்டு போகலாம். நெட்ஃபிளிக்ஸிடம் கடை இல்லை, எனவே பதில் கொடுக்க வழியில்லை. 2007-ன் இரண்டாம் காலாண்டில் நெட்ஃபிளிக்ஸின் சந்தாதாரர் எண்ணிக்கை முதன்முறையாகக் குறைந்தது, 55,000 பேர் குறைந்தார்கள்.

பிறகு ஏன் தோற்றது? பணம். 2004-ல் வயாகாம் பிளாக்பஸ்டரைக் கழற்றிவிட்டபோது, கழற்றுவதற்கு முன் பங்குதாரர்களுக்கு ஒரு பங்குக்கு 5 டாலர் வீதம் சிறப்பு ஈவுத்தொகை கொடுக்கவைத்தது. மொத்தம் 90.5 கோடி டாலர். அதன் பெரும்பகுதி வயாகாமுக்கே போனது, அதைக் கொடுக்க பிளாக்பஸ்டர் கடன் வாங்கியது. அதாவது, வாழ்க்கையிலேயே மிகக் கடினமான போட்டி தொடங்கப்போகிற நேரத்தில் அந்த நிறுவனத்தின் தலையில் அது செலவழிக்காத பணத்துக்கான கடன் ஏற்றப்பட்டது. தாமதக் கட்டணத்தை விட்டதற்கு 20 கோடி, இணையச் சேவையைக் கட்ட இன்னொரு 20 கோடி டாலர் அளவில் செலவு என்று ஆன்டியோகோ பிறகு எழுதினார். பங்குகளை வாங்கிக் குவித்து உள்ளே வந்த முதலீட்டாளர் கார்ல் ஐகானுக்கு இந்தச் செலவு பிடிக்கவில்லை. ஆன்டியோகோவின் போனஸில் தகராறு முற்றி 2007-ல் அவர் வெளியேறினார், செவன்-லெவன் கடைகளை நடத்திய ஜிம் கீஸ் தலைவரானார். டோட்டல் ஆக்சஸின் விலை ஏற்றப்பட்டது, கவனம் மறுபடி கடைகளின் பக்கம் திரும்பியது. அதே ஆண்டு ஜனவரியில்தான் நெட்ஃபிளிக்ஸ் ஸ்ட்ரீமிங்கை ஆரம்பித்திருந்தது. 2010 செப்டம்பரில் கிட்டத்தட்ட 100 கோடி டாலர் கடனோடு பிளாக்பஸ்டர் திவால் மனு கொடுத்தபோது, அந்தக் கடனையும் 2004-ல் எடுத்துக்கொடுத்த தொகையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நெட்ஃபிளிக்ஸ்தான் கொன்றது என்று என்னால் முழு மனதோடு சொல்ல முடியவில்லை.

மற்றச் சங்கிலிகளின் கதையும் ஏறக்குறைய இதுதான். மூவி கேலரி நிறுவனம் 2005-ல் ஹாலிவுட் வீடியோவைக் கடன் வாங்கி விலைக்கு எடுத்தது, 2007-லும் 2010-லும் திவாலாகி ஒழிந்தது. ஃபேமிலி வீடியோ மட்டும் 2021 வரை தாக்குப்பிடித்தது. அவர்களுடைய கடைகள் பெரும்பாலும் சொந்தக் கட்டடங்களில் இருந்தன, இடத்தில் ஒரு பகுதியைப் பீட்சா கடைக்கு விட்டிருந்தார்கள்.

இடையில் ரெட்பாக்ஸ். மளிகைக் கடை வாசலில் ஒரு சிவப்புப் பெட்டி, அட்டையைத் தேய்த்தால் ஒரு இரவுக்கு ஒரு டாலர் வாடகையில் டிவிடி வெளியே வரும். 2002-ல் மெக்டொனால்ட்ஸ் நிறுவனத்தின் முயற்சியாகத் தொடங்கியது. ஒரு டாலர் வாடகை டிவிடி விற்பனையைக் கெடுக்கிறது என்று சில ஸ்டுடியோக்கள் ரெட்பாக்ஸுக்குப் புதுப்படத் தட்டு கொடுக்க மறுத்தார்கள். ரெட்பாக்ஸ் என்ன செய்தது தெரியுமா? ஆட்களை வால்மார்ட்டுக்கு அனுப்பி, பொதுமக்களைப் போலச் சில்லறை விலைக்கு டிவிடி வாங்கி வரச்சொல்லிப் பெட்டியில் நிரப்பியது. யாரும் தடுக்க முடியவில்லை. 1908-ல் மேசிஸ் ஜெயித்த வழக்கு ஒரு நூற்றாண்டு கழித்தும் வேலை செய்தது! விற்கமாட்டேன் என்று ஸ்டுடியோ சொன்னாலும் சந்தையில் எங்கோ ஓரிடத்தில் அது விற்கப்படுகிறது என்றால், அதை வாங்கி வாடகைக்கு விடலாம். படத்தின் சொந்தக்காரர் விரும்பாத ஒருவரும் வாடகைத் தொழிலில் இருக்கலாம். வீடியோ கடையின் உயிர் இதில்தான் இருந்தது.

ஸ்ட்ரீமிங் மாற்றியது இதைத்தான். வசதி, வேகம், சோபாவை விட்டு எழவேண்டாம் என்பதெல்லாம் உண்மை. ஆனால் அடியில் நடந்த மாற்றம் வேறு: அங்கே பிரதி என்ற ஒன்று கைமாறுவதே இல்லை. படம் உங்கள் திரையில் ஓடுகிறது, சட்டத்தின் பார்வையில் அது பொதுத் திரையிடல், அதற்கு உரிமம் வேண்டும். உரிமம் என்றால் ஸ்டுடியோ சொன்ன விலை, சொன்ன காலம். 2011-ல் ஸிடிவா என்ற சின்ன நிறுவனம் இதற்கு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தது. உண்மையான டிவிடிகளைக் கடையில் வாங்கி, உண்மையான டிவிடி பிளேயர்களில் போட்டு, ஒரு தட்டு ஒரு நேரத்தில் ஒரே ஒரு வாடிக்கையாளருக்கு என்று இணையம் வழியாகக் காட்டியது. நாங்கள் வீடியோ கடைதான், ஒயர் மட்டும் கொஞ்சம் நீளம் என்பது அவர்கள் வாதம். ஸ்டுடியோக்கள் வழக்குப் போட்டன, நீதிமன்றம் இது பொதுத் திரையிடல் என்று சொல்லி நிறுத்தச் சொல்லிவிட்டது. தட்டைக் கையில் கொடுத்தால் சட்டப்படி சரி, அதே தட்டை ஒயர் வழியாகக் காட்டினால் குற்றம். 2018-ல், வாங்கிய பாட்டுக் கோப்புகளை இணையத்தில் மறுபடி விற்க வழி செய்த ரீடிஜி என்ற சேவை மீதான வழக்கில், விலைக்கு வாங்கிய பாட்டுக் கோப்பைக்கூட அந்தச் சேவை வழியாக மறுபடி விற்க முடியாது, அதில் புதுப் பிரதி உருவாகிறது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, முதல் விற்பனைக் கோட்பாடு சட்டப் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது, அதைப் பயன்படுத்துவதற்கான பொருள்தான் கையிலிருந்து நழுவிவிட்டது.

இதன் விளைவை முதலில் உணர்ந்தது நெட்ஃபிளிக்ஸே. தபாலில் தட்டு அனுப்பிய காலத்தில் அதன் பட்டியலில் சுமார் ஒரு லட்சம் தலைப்புகள் வரை இருந்தன, அவற்றை யாரும் திருப்பிக் கேட்க முடியாது. ஸ்ட்ரீமிங்கில் 2008-ல் ஸ்டார்ஸ் தொலைக்காட்சியோடு ஒப்பந்தம் போட்டு ஆயிரக்கணக்கான படங்களை வாங்கியது, 2012 பிப்ரவரியில் ஒப்பந்தம் முடிந்தபோது அத்தனையும் ஒரே நாளில் போயின. தனக்கென்று சொந்தமாகத் தொடரும் படமும் எடுத்துக் குவிக்க நெட்ஃபிளிக்ஸ் ஓடியதற்கு இந்தப் பயம் ஒரு பெரிய காரணம். 2023 செப்டம்பர் 29-ல் கடைசித் தட்டை அனுப்பிவிட்டுத் தபால் சேவையை மூடியது, அதற்குள் 520 கோடிக்கும் மேற்பட்ட தட்டுகள் போயிருந்தன. அடுத்த ஆண்டே ரெட்பாக்ஸும் திவாலாகி மூடியது.

நம் ஊரிலும் கேசட் கடைகள் இருந்தனவே, அவையும் இப்படித்தானா என்று கேட்கலாம். இல்லை, அது வேறு கதை. தமிழ்நாட்டில் 1980-களில் டிவியையும் டெக்கையும் சேர்த்து ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்து, மூன்று நான்கு கேசட் போட்டு விடிய விடியப் பார்த்த தெருக்கள் ஏராளம். ஆனால் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் சினிமாவுக்கு முதல் விற்பனை என்ற அந்தப் பாதுகாப்பு அமெரிக்காவில் உள்ள மாதிரிக் கிடையாது. படத்தின் பிரதி முன்பே விற்கப்பட்டிருந்தாலும் அதை வாடகைக்கு விடும் உரிமை உரிமையாளரிடமே இருக்கும். 2009-ல் வார்னர் பிரதர்ஸ் தொடுத்த வழக்கில், அமெரிக்காவில் காசு கொடுத்து வாங்கிய அசல் டிவிடிகளை இங்கே கொண்டுவந்து வாடகைக்கு விட்டது தவறு என்றே தில்லி உயர் நீதிமன்றம் சொன்னது. காசு கொடுத்து வாங்கிய அசல் தட்டுக்கே அந்தக் கதி. எனவே இங்கே அந்தத் தொழில் எப்போதும் நிழலிலேயே ஓடியது, அசலும் திருட்டு நகலும் ஒரே அலமாரியில் கிடந்தன. 2004-ல் தமிழக அரசு குண்டர் சட்டத்தில் வீடியோ திருடர்களையும் சேர்த்தது. கேசட் கடைகளைக் காலி செய்ததில் உள்ளூர் கேபிள் சேனல்களுக்கும் சல்லிசான விசிடிகளுக்கும்தான் பெரிய பங்கு, நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவுக்கு வந்தது 2016-ல், அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வெளிநாடுகளில் லண்டன், டொராண்டோ, பாரிஸ் பக்கம் மிளகாய்த்தூளும் அரிசியும் விற்ற தமிழ்க் கடைகளின் ஓரத்தில் இருந்த வாடகைப் படங்கள் இன்னும் கொஞ்சகாலம் நீடித்தன.

இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும். 1987-ல் ராபர்ட் போர்க் என்பவர் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழியப்பட்டபோது, அவர் வீடியோ கடையில் என்னென்ன படம் எடுத்தார் என்ற பட்டியலை வாஷிங்டனில் ஒரு வாரப் பத்திரிகை வெளியிட்டது. பட்டியலில் அசிங்கமாக எதுவும் இல்லை, ஆனால் நாடாளுமன்ற உறுப்பினர்கள் எல்லாருக்கும் வயிற்றைக் கலக்கியது. அடுத்த ஆண்டே, வாடிக்கையாளர் என்ன படம் எடுத்தார் என்பதைக் கடைக்காரர் அவர் அனுமதியில்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்று தனிச் சட்டம் வந்தது. வீடியோ கடைகள் போய்விட்டன, அந்த 1988 சட்டம் இருக்கிறது. நாம் என்ன பார்க்கிறோம் என்ற தகவலைப் பிறருக்குக் கொடுப்பதாக இணைய நிறுவனங்கள் மீது இன்றும் அங்கே அதே சட்டத்தின் கீழ் வழக்குகள் போடப்படுகின்றன.

பிளாக்பஸ்டர் பெயரில் இன்று ஒரே ஒரு கடை, ஓரிகன் மாநிலத்தின் பெண்ட் நகரத்தில். 2019-ல் ஆஸ்திரேலியாவின் மார்லி கடை மூடியபின் உலகத்திலேயே அது மட்டும்தான் மிச்சம். பெயருக்காக அங்கே போய் போட்டோ எடுத்துக்கொள்கிறவர்கள் நிறைய. என் மனம் போவது வேறு இடங்களுக்கு. சியாட்டிலில் 1988-ல் தொடங்கிய ஸ்கேர்குரோ வீடியோ 2014-ல் லாப நோக்கில்லாத அமைப்பாக மாறியது. அதன் சேகரிப்பில் 1,30,000-க்கும் மேல் படங்கள் இருக்கின்றன, அவற்றில் பல கேசட்டைத் தாண்டி எந்த வடிவத்துக்கும் வராதவை. சான்டா மோனிகாவில் 2017-ல் மூடிய விடியட்ஸ் கடை 2023-ல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு பழைய தியேட்டரில் மறுபடி திறந்து, ஒரு பக்கம் படம் ஓட்டிக்கொண்டு மறுபக்கம் தட்டுகளை வாடகைக்கு விடுகிறது. அமெரிக்கப் பொது நூலகங்கள் டிவிடி இரவல் கொடுப்பதும் இதே முதல் விற்பனை விதியின் பேரில்தான். ஸ்கேர்குரோ அமெரிக்காவுக்குள் தபாலிலும் படம் அனுப்புகிறது, அங்கே யாராவது உறவினர் இருந்தால் எந்த ஓடிடி தளத்திலும் கிடைக்காத ஒரு படத்தின் பெயரைச் சொல்லித் தேடிப்பார்க்கச் சொல்லுங்கள்.